மூன்றாம் மாடித் தங்கச்சியும் சைக்கிள் கொட்டிலும்

டென்மார்க்கில் என்னை முதன்முதலில் அதட்டியது ஒரு படம்.

விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போக வந்த தங்கச்சியின் கணவர் யோகனோடு ரயிலில் ஏறி, ஜன்னலோரம் இருந்துகொண்டு ஊர்ப் புதினம் சொல்லத் தொடங்கியிருந்தேன். எங்கள் பெரியமாமாவின் மாடு கிணற்றுக்குள் விழுந்த கதை. மாடு தண்ணீரிலும் மாமா கிணற்றுக்கட்டிலுமாக நிற்கும் கட்டத்தில், யோகன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு படத்தை விரலால் தட்டிக் காட்டினார். உதட்டில் விரல் வைத்த ஒரு முகம்.

"மச்சாள், இது அமைதிப் பெட்டி. இதுக்குள்ள சத்தம் போடக்கூடாது."

"நான் எங்க சத்தம் போட்டனான்? கதைச்சனான்."

"உங்களுக்கு அது கதை. இவையளுக்கு அது சத்தம்."

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். பெட்டி முழுக்க ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. எதிர் இருக்கையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் முன்னால் சரிந்து, யோகனிடம் டெனிஷில் ஏதோ குசுகுசுத்தார்.

"கடைசியில அது வெளியில வந்ததோ எண்டு கேக்கிறா," என்றார் யோகன். "உங்கட கையைப் பாத்தே ஏதோ பெரிய சாமான் ஆழத்துக்குள்ள விழுந்தது விளங்கிட்டுதாம்."

வந்தது என்று தலையை ஆட்டினேன். அந்த அம்மா சந்தோசமாகச் சிரித்துவிட்டு, "நோ," என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. மாட்டைக் கயிறு கட்டி இழுத்தவர்களில் நானும் ஒருத்தி. நான் வந்தது என்கிறேன், இவர் இல்லை என்கிறார்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நெல்லியடிப் பக்கத்தில் உப தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பஸ் நிலையத்துக்கு எதிரே, கம்பிவலைக்குப் பின்னால் இருந்து முத்திரை விற்றவளுக்குக் குரல் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எஸ்பியர்க் நகரத்தில் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் தங்கச்சி வசந்திக்கு ஒரு முழங்காலைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று பூட்டியிருந்தார்கள். யோகனுக்குத் துறைமுகத்தில் வேலை. விடியப் போனால் பின்னேரம்தான் வருவார். மகள் அபிராமி வேறு நகரத்தில் படிக்கிறாள். ஒரு மாதம் சமைத்துப்போட ஆள் வேண்டும். கலியாணம் கட்டாத அக்கா என்றால் எல்லோர் முழங்காலுக்கும் கைகொடுக்கப் பிறந்தவள்தானே. புறப்பட்டுவிட்டேன்.

வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று ஏறிய வசந்தி, அதன்பிறகு படிக்கட்டைப் பார்த்தாலே கண்ணை மூடுகிறாள். ஆகவே அவளுடைய கால்கள் நான்தான். குப்பை, கடை, உடுப்புத் தோய்ப்பு எல்லாவற்றுக்கும் நான்தான் இறங்கி ஏற வேண்டும்.

குப்பையில் இருந்தே சண்டை தொடங்கியது. எங்கள் வீட்டில் குப்பை என்றால் குப்பை. இங்கே அதற்குச் சாதி பிரித்து வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒரு பெட்டி, கடதாசிக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, போத்தலுக்கு ஒன்று. நான் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு நின்றேன். தேங்காய் சாப்பாடு. சிரட்டை சாப்பாடா? மரமா? குழந்தை வண்டி தள்ளிவந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். பிறகு தபால் எடுக்க வந்த ஒரு மனிதர். இருவரும் சிரட்டையை மாறிமாறி வாங்கித் தட்டிப் பார்த்து, மிகவும் பொறுப்பாக விவாதித்தார்கள். கடைசியில் அந்த மனிதர் பராமரிப்பாளருக்கு ஃபோன் எடுத்தார். பராமரிப்பாளர் படம் அனுப்பச் சொன்னார். சிரட்டையைப் படம் எடுத்து அனுப்பினார்கள். பதில் வரும்வரை மூவரும் காற்றில் நின்றோம். பதில் வந்ததும் அந்தப் பெண் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அவருக்கும் தெரியாதாம்." சிரட்டையை மேலே கொண்டுவந்து பூச்சாடியாக்கினேன்.

அடுத்தது பேக்கரிப் பாண். இங்கே கறுப்பாக ஒரு பாண் சாப்பிடுகிறார்கள். கையில் எடுத்தால் செங்கல். மேலே மீனையும் முட்டையையும் அடுக்கி, முள்ளுக்கரண்டியால் குத்தி, எல்லோரும் முகம் சுளிக்காமல் உண்கிறார்கள். நான் புத்திசாலித்தனமாக அதை உதிர்த்துத் தேங்காய்ப்பூப் போட்டுப் புட்டு அவித்தேன். யோகன் ஒரு வாய் வைத்துவிட்டு வெகுநேரம் மென்றார்.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"மச்சாள், மிச்சத்தை எறியாதேங்கோ. பல்கணியில ஒரு வெடிப்பு இருக்கு, பூசிவிடலாம்."

வசந்தி சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்: கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பொது மண்டபம் இருக்கிறதாம். பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீட்டுச் சாப்பாடு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் அதற்குள்தான். இப்போது அதைச் சைக்கிள் கொட்டிலாக மாற்ற வேண்டும் என்று ஒருவர் பிரேரணை கொண்டுவந்திருக்கிறார். குடியிருப்போர் கூட்டத்தில் வாக்கெடுப்பு. வீட்டுக்கு இரண்டு வாக்கு.

"இந்த வீட்டுக்குள்ள ஆறு பேர் இருந்தா ஏழாவது ஆள் குளியலறைக்குள்ள நிக்கவேணும் அக்கா. மண்டபம் போச்செண்டா நாங்கள் எங்க கூடுறது? இந்தக் கூட்டம் முடியுமட்டும் ஒருத்தரோடயும் சண்டை கொழுவாமல் இருங்கோ."

"நான் ஆரோட கொழுவினனான்?" என்று கேட்டுவிட்டு, உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு நிலக்கீழ்ச் சலவை அறைக்குப் போனேன்.

அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம். எங்கள் நேரம் வந்துவிட்டது, ஆனால் இயந்திரத்துக்குள் யாரோ தோய்த்த உடுப்புகள் ஈரமாகக் கிடந்தன. எங்கள் ஊரில் மழை வந்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் கிடப்பதையும் சேர்த்து எடுத்து வைப்போம். அதே நல்ல மனதோடு அவற்றை அள்ளி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டேன். சூட்டுக்கு ஒரு குமிழ் இருந்தது. வெயில் என்றால் உச்சிவெயில் என்று வளர்ந்தவள் நான், கடைசிவரை திருப்பினேன்.

உடுப்புச் சொந்தக்காரர் வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, வெள்ளைத் தாடி. இயந்திரத்தைத் திறந்து ஒரு நீலக் கம்பளிச்சட்டையை வெளியே எடுத்தார். நெஞ்சில் வெள்ளைக் கோடுகள். நல்ல வேலைப்பாடு. ஆனால் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு அளவெடுத்தது போல இருந்தது. அதை அவர் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். ஒரு நெஞ்சுக்குழியை மறைக்கப் போதுமாக இருந்தது.

"நோ," என்றார். நீளமாக.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் தபால் திணைக்களக் கடிதங்களில் படித்தது. அவசரத்தில் அதுதான் வாயில் வந்தது. "ஐயா, மேற்படி சட்டை தொடர்பாகத் தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்தையிட்டு ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறேன். தயவுகூர்ந்து ஏற்றுக்கொள்ளவும்," என்றேன்.

அவர் என்னையும் சட்டையையும் பார்த்தார். "நோ," என்றார் மறுபடியும். இம்முறை கட்டையாக.

மேலே ஓடிவந்து வசந்தியிடம் சொன்னேன். அவள் நெஞ்சில் கையை வைத்தாள்.

"என்ன நிறம்?"

"நீலம். வெள்ளைக் கோடு."

"ஐயோ அக்கா! அது ஓலே தன்ர கையால பின்னினது. கப்பலில வேலைசெய்து இளைப்பாறின மனிசன். ஒரு மாரி முழுக்க வாசல் வாங்கில குந்தியிருந்து பின்னினவர். முழுக் கட்டிடமும் பாத்தது."

"பிறகு?"

"பிறகென்ன? சைக்கிள் கொட்டில் பிரேரணை ஆர் கொண்டுவந்தது எண்டு நினைக்கிறியள்?"

அன்று பின்னேரம் நான் பல்கணிப் பக்கமே போகவில்லை. ஆனால் அடுத்தநாள் காலை யோகன் அங்கிருந்து, "மச்சாள், ஓடி வாங்கோ!" என்று கூப்பிட்டார். கீழே புல்வெளியில் ஓலே போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நீள உடம்பும் குட்டைக் காலுமாக அவருடைய நாய். நாய்க்கு நீலக் கம்பளிச்சட்டை. நெஞ்சில் வெள்ளைக் கோடு. கைகள் இரண்டையும் அளவாக மடித்துவிட்டிருந்தார். அதற்கென்றே பின்னியது போல இருந்தது. குழந்தை வண்டிப் பெண் நின்று நாயைப் பாராட்டினாள். ஓலே மேலே, எங்கள் பல்கணியைக் காட்டி ஏதோ சொன்னார். நான் தரையில் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை அபிராமி வந்தாள். பெரியம்மாவுக்கு ஊர் காட்ட வேண்டும் என்று தாய் கட்டளையிட்டாள். தாய் தமிழில் கேட்க மகள் டெனிஷில் பதில் சொல்லும் வீடு அது. என்னோடு மட்டும் அவள் தமிழை மெல்லமெல்லத் தேடி எடுத்துக் கதைப்பாள்.

எஸ்பியர்க்கில் எல்லோரும் பார்க்கவேண்டிய இடம் கடற்கரையில் இருக்கும் நான்கு வெள்ளை மனிதர்கள். பிரமாண்டமான சிலைகள். நான்கு பேரும் முழங்கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையில் வைத்து, நிமிர்ந்து இருந்து கடலைப் பார்க்கிறார்கள். கலை என்றாள் அபிராமி. எனக்கு ஆஸ்பத்திரியில் இலக்கம் எடுத்துவிட்டு டாக்டர் கூப்பிடும்வரை இருப்பவர்கள் போலத் தெரிந்தது. அப்படி ஒரு பொறுமை முகத்தில்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வீசுவதில்லை, ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது. சீலைக்கு மேல் யோகனின் ஜாக்கெட் போட்டிருந்தேன். ஆனாலும் முந்தானை பிய்த்துக்கொண்டு போய், பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜேர்மன்காரரின் தலையைச் சுற்றிக்கொண்டது. நல்ல மனிதர். உள்ளே இருந்தபடியே மன்னிப்புக் கேட்டார். நானும் அபிராமியும் அவரைச் சுற்றி ஓடி அவிழ்த்தெடுத்தோம்.

வரும் வழியில் ஐஸ்கிறீம் கடைக்காரன் ஒருவனிடம், நான் இலங்கையில் இருந்து வந்திருக்கிறேன் என்றேன். "நோ," என்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அபி, இந்தச் சனம் ஏன் நான் என்ன சொன்னாலும் இல்லையெண்டுது? மாடு வந்தது எண்டா இல்லை, இலங்கை எண்டா இல்லை."

அவள் ஐஸ்கிறீம் ஒழுக ஒழுகச் சிரித்தாள். "பெரியம்மா, அது இல்லை எண்டது இல்லை! அது... அப்பிடியா எண்டது. பிறகு, சரி. பிறகு, பாவம். பிறகு, ஆ, நல்லது. பிறகு, போவமா. எல்லாம் அதுதான்."

"அப்ப ஓலே எனக்குச் சொன்னது எது?"

"எப்பிடிச் சொன்னவர்? நீட்டாவோ கட்டையாவோ?"

"முதல் நீட்டு. பிறகு கட்டை."

கொஞ்சம் யோசித்தாள். "முதல், ஐயோ. பிறகு, சரி என்ன செய்யிறது."

ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை கொடுத்துவிட்டு, மிச்சச் சொற்களை என்ன செய்கிறார்களோ தெரியவில்லை.

இரண்டாம் கிழமை எனக்குத் தனியாக ஒரு பயணம் வாய்த்தது. எதிரே ஃபானோ என்று ஒரு தீவு. அங்கே கடல்நாய்கள் வெயில் காயுமாம். யோகன் வேலைக்குப் போகும் வழியில் ரிக்கற் எடுத்துக் கையில் தந்து, கப்பலடியில் விட்டுவிட்டுப் போனார்.

தீவுக்குப் போவதென்றால் எனக்குத் தெரிந்தது நயினாதீவுதான். குறிகட்டுவான் இறங்குதுறையில் நெரிபட்டு ஏறி, எவருடையவோ வாழைக்குலைக்கு மேல் இருந்து, அலைக்கு அலை அம்மாளைக் கூப்பிட்டுப் போகவேண்டும். இது சின்னக் கப்பல் என்றாலும் மேல்தட்டில் மெத்தை இருக்கை. கொண்டுவந்த இடியப்பப் பொதியை அவிழ்த்து, சம்பலைப் பிரித்து, இரண்டு வாய் வைப்பதற்குள் கப்பல் ஒரு கரையில் முட்டியது. ஆட்கள் இறங்கினார்கள். இதற்குள் தீவு வராது, இது இடையில் ஒரு தரிப்பு என்று நான் இருந்துவிட்டேன். வேறு ஆட்கள் ஏறினார்கள். கப்பல் புறப்பட்டது. சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபோது மறுபடியும் கரை. இந்தமுறை எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன்.

தூரத்தில் கரையோரம் நான்கு வெள்ளை மனிதர்கள் இருந்தார்கள். அட, தீவிலும் இன்னொரு நால்வரை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு சிற்றுண்டிக் கடைக்குள் போய், என் கடித ஆங்கிலத்தில், "இத்தீவின் கடல்நாய்கள் எவ்விடத்தில் காணக்கிடைக்கும் என்பதைத் தயவுடன் அறியத்தரவும்," என்று கேட்டேன்.

கடைக்காரப் பெண் என்னை ஜன்னலடிக்குக் கூட்டிப்போய்க் கடலுக்கு அப்பால் கையைக் காட்டினாள். "தீவு அங்கே இருக்கிறது. இது எஸ்பியர்க்."

வெளியே வந்தேன். கப்பலடியில் நீலச் சட்டை போட்ட நாய் ஒன்று நின்றது. அதன் கயிற்றின் மறுமுனையில் ஓலே.

ஓட இடமில்லை. முன்னால் கடல். நடந்ததைச் சொன்னேன். அவர் தாடிக்குள் ஏதோ நடந்தது, சிரிப்பென்று பிறகுதான் தெரிந்தது. "நானும் அங்கேதான் போகிறேன். என்னோடு வாருங்கள். இறங்கவேண்டிய இடம் வந்தால் சொல்வேன்," என்றார். கப்பலில் வேலை செய்த ஆங்கிலம், எனக்கு நன்றாக விளங்கியது.

மேல்தட்டில் இருந்து, சட்டைக்காக மறுபடி வருத்தம் தெரிவித்தேன். "இந்த நாய்க்கு எத்தனையோ சட்டை வாங்கினேன். எல்லாவற்றையும் கடித்தது. இதை மட்டும் கழற்றவிடுகிறதில்லை," என்றார். "நான்தான் குளிரில் நிற்கிறேன்."

பிறகு ஒரு பையை நீட்டினார். கறுப்பாக, மினுங்கலாக, பேரீச்சம்பழத்தில் செய்த இனிப்புப் போல இருந்தது. இரண்டை ஒன்றாக வாயில் போட்டேன். சிறுவயதில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் நெருப்பில் ஒரு கட்டி போடுவார், நவச்சாரம். அந்தப் புகை மூக்கில் ஏறுமே, அதே சாமான் இப்போது என் நாக்கில். உப்பு வேறு. விருந்தாளி துப்பக்கூடாது, கொட்டிலுக்குக் கைதூக்குகிற மனிதருக்கு முன்னால் துப்பவே கூடாது. கண்ணால் தண்ணீர் ஓட ஓட விழுங்கினேன். "எங்கள் நாட்டு மிட்டாய். உங்களுக்குப் பிடித்திருக்கிறது," என்று இன்னும் நான்கு தந்தார்.

தீவில் இறங்கி, நீர் வற்றிக்கிடந்த கடலோரமாக நடந்தோம். தூரத்து மணல்திட்டில் கற்கள் கிடந்தன. நான் கடல்நாயைத் தேடினேன். ஓலே கல்லைக் காட்டினார். ஒரு கல் கொட்டாவி விட்டது. பக்கத்துக் கல் புரண்டு வயிற்றைச் சொறிந்தது. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுத்திருக்கும் எங்கள் மாமன்மார் அத்தனை பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். என்னையறியாமல் கத்திச் சிரித்துவிட்டேன். திட்டு முழுவதும் தலைதூக்கிப் பார்த்தது. இரண்டு மூன்று தண்ணீருக்குள் குதித்தன. "உங்கள் குரல் எனக்குத் தெரியும். கீழே என் வீடுவரை கேட்கும்," என்றார் ஓலே.

தைரியம் வந்து, ஏன் அந்த மண்டபத்தைப் பறிக்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. காற்றடித்தால் கட்டிடத்தின் சைக்கிள்கள் எல்லாம் சரிந்து விழுமாம். காலையில் நாயோடு போகும்போது ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறவர் அவர்தானாம். "எனக்கு முதுகு இருக்கிறது. மண்டபம் கிழமையில் பாதி நாள் சும்மா கிடக்கிறது. உங்கள் ஆட்கள் வரும்போது மேளம் கேட்கும், நல்ல மணம் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது."

"வந்து பார்த்திருக்கலாமே?"

"ஒருவரும் கூப்பிடவில்லை."

"அதில் பாதி செத்தவீடு ஐயா. எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு ஒருவரையும் கூப்பிடுவதில்லை. தாங்களாக வரவேண்டும்."

அவர் நின்றுவிட்டார். "எங்களிடம் கூப்பிடாமல் போனால் அது மரியாதை இல்லை," என்றார். இத்தனை வருடமும் ஒரே படிக்கட்டில் இருந்துகொண்டு, நீ வரவில்லை, நீ கூப்பிடவில்லை என்று இரண்டு பக்கமும் மரியாதையாகவே இருந்திருக்கிறார்கள். ஆனாலும் கப்பலால் இறங்கும்போது தெளிவாகச் சொன்னார்: "நான் கொட்டிலுக்குத்தான் வாக்களிப்பேன்."

கூட்டநாள் வந்தது. வாக்குப் போடுகிறவர் நேரில் வரவேண்டும் என்பது விதி. வசந்தி படிவாசலில் இரண்டு ஊன்றுகோலோடு நின்று கீழே பார்த்தாள். முகம் வெளுத்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் எத்தனையோ தடவை சொல்லியும் அவள் ஒரு படிகூட இறங்கியதில்லை.

"ஏலாது அக்கா. விழுந்தா இந்தக் காலும் போச்சு."

"நான் முதுகில தூக்கிறன்," என்றார் யோகன்.

"நீங்களோ? போன மாதம் அரிசி மூட்டை தூக்கி மூண்டு நாள் படுத்தனீங்கள்."

அப்போது கீழே இருந்து கனத்த காலடி வந்தது. ஓலே. கையில் ஒரு மரக்கதிரை. வசந்தியைப் பார்த்து டெனிஷில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று யோகனைக் கேட்டேன்.

"எதிர்க்கட்சி வராமல் வெண்டா அது வெற்றியில்லையாம். கதிரையில இருக்கட்டாம், தூக்கிறாராம்."

வசந்தி கதிரையில் இருந்தாள். முன்பக்கம் ஓலே, பின்பக்கம் யோகன். நான் ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டு முன்னால் வழி விலக்கி இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கதிரை ஒரு குழந்தை வண்டிக்கும் பூச்சாடிக்கும் நடுவில் இறுகிவிட்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ஒரு கதவு திறந்து, தலையில் துவாயோடு ஒரு பெண் எட்டிப் பார்த்து, சிம்மாசனத்தில் இருந்த வசந்திக்கு மாலை வணக்கம் சொன்னாள். வசந்தியும் மகாராணி மாதிரித் தலையசைத்தாள். யோகன் மூச்சுப் பிடித்துத் தூக்க, கதிரை ஒரு குலுக்கலோடு விடுபட்டது. தேர் இருப்பை விட்டுக் கிளம்பியதைக் கண்டவள் போல நான், "அரோகரா!" என்று கத்திவிட்டேன். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. அது தூக்குகிறவர்கள் சேர்ந்து சொல்லவேண்டிய சொல் என்று நினைத்தாரோ என்னவோ, ஓலேயும் "ஆரோ... ஹாரா!" என்றார். கடைசிப் படிவரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் கோப்பி, கேக். நான் வாக்கில்லாத பார்வையாளர். தொடக்கத்தில் பாட்டுப் புத்தகம் கொடுத்து எல்லோரும் பாடத் தொடங்கினார்கள். தேசியகீதம் என்று எண்ணி நான் சடாரென்று எழுந்து விறைப்பாக நின்றேன். ஒருவர் என்னைப் பார்த்தார். அவரும் எழுந்தார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். என்னைத் தனியாக நிற்கவிடக்கூடாது என்ற நாகரிகம்தான். பாட்டு முடியும்போது மண்டபம் முழுக்க நின்றது, வசந்தியைத் தவிர. அது வசந்தகாலத்தில் புல் முளைப்பதைப் பற்றிய பாட்டாம்.

ஓலே எழுந்து காற்றையும் சைக்கிளையும் தன் முதுகையும் பற்றிச் சொன்னார். நியாயமாகத்தான் இருந்தது. வசந்தி இருந்தபடியே கதைத்தாள். யோகன் என் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார்: மண்டபம் இல்லையென்றால் தன் பிள்ளைக்குப் பெரியம்மாவோடு கதைக்கத் தமிழே இருந்திராது, மாமியார் இறந்தபோது இந்த மேசையில்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள், வீட்டில் இருந்திருந்தால் பாதிப்பேர் படிக்கட்டில் நின்று அழுதிருப்பார்கள். நான் அதுவரை கேக்கில் இருந்த கவனத்தை விட்டுவிட்டேன்.

வாக்கை எண்ணி வாசித்தவர் ஓலேதான், தலைவர் அவர் என்பதால். கொட்டில் ஒரே ஒரு வாக்கால் தோற்றது. அந்த ஒன்று யாருடையது என்று அவர் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. தான் மூன்று மாடி தூக்கிவந்த கதிரையை ஒருதரம் பார்த்தார். பிறகு போய் வசந்திக்குக் கைகொடுத்தார்.

"இப்ப மேல தூக்கிறது ஆர்?" என்று யோகன் மெல்லக் கேட்டார். ஓலே கதிரையை எடுக்கக் குனிந்து, முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்," என்றாள் வசந்தி. "வெண்டு போட்டுத் தூக்கிக்கொண்டு போகச் சொல்ல வெக்கமா இருக்கு. அக்கா, கோலைத் தாங்கோ."

முதற்படிக்கு முன்னால் நின்றாள். நல்ல கால், பிறகு புதுக்கால், பிறகு கோல். ஏறிவிட்டாள். அடுத்தது. நான் பின்னால் கைகளை ஏந்திக்கொண்டு நின்றேன், விழுந்தால் இருவருமாக உருளுவதற்கு. எனக்குப் பின்னால் யோகன். அவருக்குப் பின்னால் ஓலே, நாய், குழந்தை வண்டிப் பெண், துவாய்ப் பெண், கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகவேண்டிய மேல்மாடிக்காரர் எல்லோரும். படிக்கட்டு ஒடுக்கம். முந்திப்போக இடம் இருந்திருந்தாலும் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சிலர் கையில் கோப்பிக் கோப்பையோடு நின்றார்கள். அவள் ஒரு படி ஏற, வரிசை ஒரு படி ஏறியது. அவள் மூச்சு வாங்க நின்றால் எல்லோரும் நின்றார்கள். தங்கள் மாடி வந்தவர்களும் கதவைத் திறந்து உள்ளே போகவில்லை. ஒரு சத்தம் இல்லை. நானும் கதைக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் கதைக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் மாடியில் கடைசிப் படியில் ஏறி வசந்தி திரும்பினாள். முகம் வியர்த்து மினுங்கியது. கீழே வளைந்து வளைந்து நின்ற வரிசையை அப்போதுதான் கண்டாள்.

"இவ்வளவு தூரம் வந்திட்டியள். உள்ள வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றாள், முதலில் தமிழில், பிறகு டெனிஷில்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இங்கே விருந்துக்குக் கூப்பிடுவதென்றால் ஒரு மாதத்துக்கு முதல் நாள் குறிக்கவேண்டுமாம். ஓலே குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு எல்லோரும் கழற்றினார்கள். வாசலில் இடம் போதாமல் சப்பாத்துகள் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கின.

நான் குசினிக்குள் ஓடினேன். இருந்த கோப்பை எல்லாம் எடுத்தும் போதாமல் அளவுச்சாடியிலும் ஊற்றி, யோகனுக்குச் சூப்புக் கிண்ணத்தில் ஊற்றினேன். பால் முடிந்து, துவாய்ப் பெண் தன் வீட்டில் இருந்து எடுத்துவந்தாள். யோகன், காற்றடிக்கிற நாளில் சைக்கிள்களைத் தானும் வந்து நிமிர்த்துவதாக ஓலேக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டிலில், ஜன்னல் விளிம்பில், தரையில், உடுப்பலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் என்று எங்கும் டெனிஷ்காரர்கள். நாய் வசந்தியின் புதுக்காலில் தலைவைத்துப் படுத்துவிட்டது.

குளியலறை வாசலில் ஒரு காலும் நடையில் ஒரு காலுமாக நின்ற ஓலே, தேத்தண்ணியை ஊதிக்கொண்டே வீட்டை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். தலைகளை எண்ணினார். பிறகு வசந்தியிடம் மிகவும் யோசனையாக ஏதோ கேட்டார். யோகனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

"என்ன கேட்டவர்?" என்றேன்.

வசந்தி அவரைப் பார்த்து அழகாகச் சிரித்துக்கொண்டே, பல்லுக்கிடையால் தமிழில் சொன்னாள்:

"இந்த வீட்டுக்குள்ளயே இவ்வளவு பேர் அடங்கினா மண்டபம் என்னத்துக்கு எண்டு கேக்கிறார். அந்த மனிசனுக்கு இன்னொரு தேத்தண்ணி குடுங்கோ அக்கா. மாடு கிணத்துக்க விழுந்த கதையைச் சொல்லத் தொடங்குங்கோ. கெதியா!"